ராடா, இன்ஸ்டன்ட்டா, டேங்க் ஹீட்டரா? வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து எடுத்த முடிவு

கம்பம் பள்ளத்தாக்கில் மார்கழிக் காலை ஆறு மணிக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைக் கடிக்கும். அப்பாவுக்கு வயது எழுபத்திரண்டு. காலமெல்லாம் பச்சைத் தண்ணீரில் குளித்தவர், முழங்கால் வலி வந்த பிறகு வெந்நீர் இல்லாமல் முடியவில்லை. என்ன வாங்குவது என்று வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. வாளியில் போடும் ராடு போதும் என்றார் அப்பா. தம்பியோ, தான் சென்னையில் வைத்திருப்பது மாதிரியே 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர்தான் வசதி என்று சொல்லி, யாரையும் கேட்காமல் ஐப்பசியிலேயே ஒன்றை வாங்கி மாட்டியும் விட்டான். அம்மா கேட்டது இரண்டே விஷயம்: பில் ஏறக் கூடாது, ஷாக் அடிக்கக் கூடாது.

இன்ஸ்டன்ட் ஹீட்டர் பகலில் நன்றாகவே வேலை செய்தது. விடியற்காலையில் மட்டும் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. பொருளில்தான் கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்குச் சொன்னோம். வந்தவர் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தார், தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தது, ஒன்றும் பழுதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் பிளக் பாயிண்டில் கருகிய வாடை. பிளக்கை உருவிப் பார்த்தால் ஒரு முள் பழுப்பேறி, சாக்கெட்டின் பிளாஸ்டிக் ஓரம் உருகியிருந்தது. அன்றைக்குத்தான் மீட்டரைக் கையில் எடுத்தேன். அதற்கு முன்னால் நாங்கள் பேசியதெல்லாம் ஊகம்.

ஹீட்டர் பெட்டியில் '3000 வாட்' என்று போட்டிருப்பது 230 வோல்ட் கிடைத்தால் என்ற நிபந்தனையோடு சேர்ந்த எண். உங்கள் வீட்டுக்கு 230 வராவிட்டால் அந்த 3000-மும் வராது. மாறாமல் இருப்பது உள்ளே உள்ள சுருளின் மின்தடை. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். இந்த இரண்டு கணக்கு போதும். 3000 வாட்டை 230-ஆல் வகுத்தால் 13 ஆம்பியர். 230-ஐ அந்த 13-ஆல் வகுத்தால் சுமார் 17.7 ஓம்.

சோதித்துப் பார்க்க, பிளக்கைக் கழற்றி எடுத்து, பெரிய எர்த் முள்ளை விட்டுவிட்டு, மற்ற இரண்டு முள்ளிலும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தேன். 17.7 காட்டியது. அதாவது பொருள் சரியானது, தம்பி ஏமாறவில்லை. ஹீட்டர் சுருள் பெரும்பாலும் நிக்ரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்த) கம்பி. சூடானாலும் அதன் தடை சில சதவீதம்தான் கூடும், அதனால் குளிர்ந்த நிலையில் அளந்தாலே போதும். இந்த முறையைப் பழைய குண்டு பல்புக்கு எடுத்துப் போகாதீர்கள். 60 வாட் பல்பு எரியும்போது அதன் தடை சுமார் 880 ஓம். அணைந்து குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஃபேன், மோட்டார் போன்றவற்றுக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் சரியான வாட் வராது. பவர் ஃபேக்டர் என்ற ஒன்று குறுக்கே வரும். ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி மாதிரி வெறும் சூடு தரும் பொருள்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

கருகிய சாக்கெட்டை மாற்றிய பிறகு, காலை ஆறு மணிக்கு எலக்ட்ரீஷியனை வைத்துக்கொண்டு அளந்தோம். சுற்றிலும் திராட்சைத் தோட்டம், வாழை, தென்னை. எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடும் நேரம் அது. எங்கள் வீடு டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் லைனின் கடைசியில். ஹீட்டர் போடாதபோது பாயிண்டில் 196 வோல்ட். போட்டதும் 187-க்கு இறங்கியது. ஒயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் 10.5 ஆம்பியர் காட்டியது. (கிளாம்ப் மீட்டரைப் பேஸ் ஒயரில் மட்டும் மாட்ட வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டு பூஜ்யம் காட்டும். இதைச் செய்ய போர்டைத் திறக்க வேண்டியிருக்கும், அதனால் பழக்கம் இல்லாதவர்கள் ஆளை வைத்தே செய்யுங்கள்.) 187-ஐ 10.5-ஆல் வகுத்தால் 17.8 ஓம். பெருக்கினால் 1964 வாட்.

3000 வாட் என்று வாங்கிய பொருள், குளிக்க வேண்டிய நேரத்தில் 2000 வாட்கூட இல்லை. வோல்டேஜ் குறைந்தது 19 சதவீதம்தான், ஆனால் பவர் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் சேர்ந்து குறைகிறது, இரண்டையும் பெருக்கித்தானே வாட் வருகிறது. 1841-இல் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் வெளியிட்ட சோதனையும் கிட்டத்தட்ட எங்கள் குளியலறைச் சமாசாரம்தான். கண்ணாடிக் குழாயில் கம்பியைச் சுற்றி, தண்ணீருக்குள் வைத்து, கரண்டை விட்டு, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று தெர்மாமீட்டரில் பார்த்தார். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு என்பது அவர் கண்டது. அதே விதி இறங்குமுகத்திலும் அதே வேகத்தில் வேலை செய்கிறது.

இனி ராடு, இன்ஸ்டன்ட், வெந்நீரைச் சேர்த்து வைக்கும் டேங்க் ஹீட்டர் மூன்றையும் ஒரே தராசில் வைக்கலாம். ஒருவர் குளிக்க 20 லிட்டர், 38 டிகிரி என்று வைத்துக்கொண்டேன். எங்கள் குழாய்த் தண்ணீர் அந்தக் காலையில் 20 டிகிரி. (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, அது இவ்வளவு குறைந்த சூட்டைக் காட்டாது. பிள்ளைகளின் பள்ளி லேப் தெர்மாமீட்டர் போதும்.) ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4186 ஜூல். வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். 20 லிட்டரை 18 டிகிரி ஏற்ற சுமார் 15 லட்சம் ஜூல், அதாவது 0.42 யூனிட்.

இந்த 0.42 யூனிட் மூன்றுக்கும் பொது. '3 கிலோவாட் ஹீட்டர் கரண்டைக் குடிக்கும், ராடுதான் சிக்கனம்' என்று அப்பா மாதிரி நிறையப் பேர் நம்புகிறார்கள். அது சரியில்லை. வாட் அதிகமானால் வேலை சீக்கிரம் முடிகிறது, அவ்வளவுதான். அதே வாளியை அதே சூட்டுக்குக் கொண்டுவர யூனிட் ஒன்றேதான். நான்கு பேர் தினமும் வெந்நீரில் குளித்தால் 1.7 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 100 யூனிட். விளக்கு, ஃபேனுக்கு ஆகும் யூனிட்டுக்கு மேல் இது கூடுதலாகச் சேரும் என்பதைப் பார்த்ததும் அம்மாவின் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது: எதை வாங்கினாலும் பில் ஏறத்தான் ஏறும், எதை வாங்கினாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் ஏறும். ஆகவே பில்லை வைத்து இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. வேறு காரணம் தேட வேண்டும்.

முதலில் ராடு. 1500 வாட் ராடின் தடை சுமார் 35 ஓம். எங்கள் காலை வோல்டேஜில் அது ஏறத்தாழ 1040 வாட் தரும். வாளி சூடாக 24 நிமிடம். 230 வோல்ட் இருந்தால் 17 நிமிடம். அப்பாவுக்கு 24 நிமிடம் ஒரு பொருட்டே இல்லை. விலை மற்ற இரண்டையும் பார்க்க ரொம்பக் குறைவு, ஒயரிங் மாற்ற வேண்டாம் என்றும் சொன்னார். அங்கேதான் நான் ஒத்துக்கொள்ளவில்லை. 1500 வாட் என்றால் நல்ல வோல்டேஜில் 6.5 ஆம்பியர். சின்ன பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. தினமும் இருபது நிமிடம் அந்த அளவைத் தாண்டி ஓடும் சாக்கெட் மெல்ல மெல்லத் தளரும். அதைவிடப் பெரிய பயம் வேறு. 'சூடாயிடுச்சா' என்று பார்க்க, சுவிட்ச் ஆனில் இருக்கும்போதே வாளிக்குள் விரலை விடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. ராடின் உறையில் ஒரு விரிசல் விழுந்து, எர்த்தும் சரியாக இல்லாமல் போனால், ஈரக் கையோடும் ஈரத் தரையில் வெறுங்காலோடும் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. எழுபத்திரண்டு வயதில் மறதி வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தொட வேண்டும் என்பதை வருடத்தில் 90 காலையும் தவறாமல் நினைவில் வைத்திருக்கச் சொல்லி ஒரு மனிதரை நம்பி விடுவது சரியான ஏற்பாடு இல்லை. ராடு தற்காலிக வாடகை அறைக்கு, தனியாக இருக்கும் இளைஞருக்கு, அதுவும் 1000 வாட் அளவில், சரி. வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இன்ஸ்டன்ட் ஹீட்டரை நியாயமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது கெட்ட பொருள் இல்லை. முழு 3000 வாட் கிடைத்து, நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் தண்ணீர் 14 டிகிரி ஏறும். சென்னையில் குளிர்காலத்தில்கூட மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 25 டிகிரிக்குக் கிட்டத்தில் இருக்கும், 39-க்கு வந்துவிடும். தம்பிக்கு அது அருமையாக வேலை செய்ததில் ஆச்சரியம் இல்லை. எங்கள் ஊரில் 20 டிகிரியில் தொடங்கி, 1964 வாட்டோடு, அதே 3 லிட்டர் ஓட்டினால் ஏறுவது 9.4 டிகிரி. 29-இல் வந்து நிற்கும். அதுதான் நாங்கள் பார்த்த வெதுவெதுப்பு. 38 வேண்டுமானால் குழாயைத் திருகித் திருகி நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டருக்குக் கொண்டுவர வேண்டும், வாளி நிறைய 13 நிமிடம். குளிரில் நூல் மாதிரி ஒழுகும் குழாயின் முன் உட்கார்ந்திருக்க அப்பாவால் முடியாது. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இடங்களில் குழாய்த் தண்ணீர் இன்னும் பல டிகிரி குறைவு. அங்கே வோல்டேஜ் முழுசாக வந்தாலும் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஷவருக்குப் போதாது.

ஸ்டெபிலைசர் போட்டால் என்ன என்று தம்பி கேட்டான். 187-ஐ 230 ஆக்க வேண்டுமென்றால் 3000 வாட்டையும் ஸ்டெபிலைசர் லைனிலிருந்துதான் இழுக்கும். அப்போது லைனில் ஓடுவது 10.5 இல்லை, 16 ஆம்பியருக்கு மேல். கரண்ட் கூடினால் ஒயரில் வோல்டேஜ் இன்னும் இறங்கும், அதை ஈடுகட்ட அது இன்னும் இழுக்கும். லோ வோல்டேஜுக்கு மருந்து என்று வைத்தது அதே வியாதியை வளர்க்கும். பக்கத்து வீட்டு விளக்கும் சேர்ந்து மங்கும்.

டேங்க் ஹீட்டர், 15 லிட்டர், 2000 வாட். இதன் தடை 26.4 ஓம். நல்ல வோல்டேஜில் 8.7 ஆம்பியர், எங்கள் காலையில் 7.2 ஆம்பியர், 1360 வாட். வாட்டை மட்டும் பார்த்தால் இன்ஸ்டன்ட்டுக்குப் பின்னால்தான் நிற்கிறது. ஆனால் இது குளிக்கும் நிமிடத்தில் சூடாக்க வேண்டியதில்லை. 15 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்றி வைத்தால், பச்சைத் தண்ணீர் கலந்து 38 டிகிரியில் 33 லிட்டர் கிடைக்கும், ஒன்றரை வாளிக்கு மேல். அதை எப்போது சூடாக்குவது என்பது நம் கையில். மோட்டார்கள் ஓடாத நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். வோல்டேஜ் குறைந்திருந்தாலும் கொஞ்சம் முன்னால் போட்டால் சரி. எங்கள் ஊர்ப் பிரச்சினைக்கு இது ஒன்றுதான் நேரான பதில் என்று எனக்குப் பட்டது அந்த இடத்தில்தான்.

இதற்கும் குறை உண்டு. வைத்திருக்கும் வெந்நீர் சும்மா ஆறும், ஆறிய சூட்டுக்கும் காசு கொடுத்தாகிவிட்டது. ஸ்டார் ஸ்டிக்கர் அந்த இழப்பை வைத்துத்தான் கொடுக்கப்படுகிறது, அதனால் டேங்க் ஹீட்டர் வாங்கும்போது ஐந்து நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது வீணாகாது. நாள் முழுக்க ஆனில் விடாமல், குளிக்கும் முன் போட்டு உடனே அணைத்தால் இழப்பு சிறிது. போர்வெல் தண்ணீரில் சுருளின் மேல் உப்புப் படியும். சுருளின் ஓம் மாறாது, ஆனால் சூடு தண்ணீருக்குப் போகாமல் சுருளிலேயே தங்கி அதைக் கருக்கிவிடும். அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்யத்தான் வேண்டும்.

காஸ் ஹீட்டரைப் பற்றியும் கேட்டார்கள். ஜன்னலைச் சாத்திய சின்னக் குளியலறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாடை இல்லாமலே ஆளைச் சாய்க்கும். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஹீட்டர் முடிவானாலும் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி சுவருக்குள் இருந்தது. ஹீட்டர் போட்டதும் 196 வோல்ட் 187-க்கு இறங்கியதே, அந்த 9 வோல்ட் எங்கே போனது என்று தேடினோம். மெயின் போர்டில் அளந்தபோது 192. ஆக 4 வோல்ட் வீட்டுக்கு வெளியே, 5 வோல்ட் எங்கள் வீட்டுச் சுவருக்குள். 5-ஐ 10.5-ஆல் வகுத்தால் 0.48 ஓம். மெயின் போர்டிலிருந்து குளியலறைக்கு 12 மீட்டர், போக வர 24 மீட்டர். இவ்வளவு தூரத்துக்கு இந்தத் தடை வருவது 1 ஸ்கொயர் (கம்பியின் குறுக்குவெட்டு ஒரு சதுர மில்லிமீட்டர்) ஒயரில்தான். விளக்குக்குப் போடும் ஒயரில் ஹீட்டரை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். 5 வோல்ட்டை 10.5-ஆல் பெருக்கினால் 52 வாட். அத்தனையும் சுவருக்குள்ளே சூடாகிக்கொண்டிருந்தது.

இந்த இழப்பு பில்லிலும் வருகிறதா என்று பார்க்க ஆசை. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மின்மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்தேன். எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 மினுக்கு என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல், ஆகவே ஒரு மினுக்கு 1125 ஜூல். வீடியோவை மெதுவாக ஓட்டி எண்ணியதில் 107 மினுக்கு. 107-ஐ 1125-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 2006 வாட். ஹீட்டருக்குப் போனது 1964. நடுவில் போன 42 வாட்டுக்கும் மீட்டர் ஓடியிருக்கிறது. (ஒரு மினுக்கு கூடக் குறைய எண்ணினால் 19 வாட் மாறும் என்பதால் 52-க்கும் 42-க்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரிதில்லை.) மல்டிமீட்டரும் கிளாம்ப் மீட்டரும் இல்லாதவர்கள் இந்த ஒரு வழியிலேயே வீட்டில் எந்தப் பொருள் எவ்வளவு இழுக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். போர்டில் கை வைக்க வேண்டியதே இல்லை.

புது ஒயர் இரண்டரை ஸ்கொயரா, நாலு ஸ்கொயரா என்பதில் எலக்ட்ரீஷியனுக்கும் எனக்கும் சின்ன வாதம். 24 மீட்டருக்கு இரண்டரையில் 0.19 ஓம், நாலில் 0.12 ஓம். 2 கிலோவாட் ஹீட்டருக்கு இரண்டரையே தாராளம் என்று அவர் சொன்னது உண்மைதான். ஒயர் போகும் குழாய் ஏற்கெனவே சுவருக்குள் இருந்தது, இழுக்கும் கூலி இரண்டுக்கும் ஒன்று, பின்னால் யாராவது பெரிய ஹீட்டர் வைத்தாலும் கவலை இல்லை என்பதால் நாலு ஸ்கொயர் போட்டோம். தனி லைன், கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் தனி எம்சிபி சுவிட்ச், 16 ஆம்பியர் பாயிண்ட், கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் வீடு முழுமைக்கும் 30 மில்லி ஆம்பியர் அளவில். அம்மாவின் இரண்டாவது கேள்விக்கான பதில் அந்த ஆர்சிசிபியும் ஒழுங்கான எர்த்தும்தான். டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுவதை அம்மாவுக்குக் காட்டினேன்.

சாக்கெட் ஏன் கருகியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் இப்போதும் அது நடந்துகொண்டிருக்கலாம். தளர்ந்துபோன சாக்கெட்டில் பிளக் முள் சரியாகக் கவ்வாமல் 0.15 ஓம் தடை உருவானால் போதும். பகலில் 13 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் மட்டும் 25 வாட். ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படி ஒன்றை மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஆன் செய்த மாதிரி. ஹீட்டரை அணைத்ததும் புறங்கையால் பிளக்கின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சாக்கெட்டை அன்றே மாற்றுங்கள்.

டேங்க் ஹீட்டர் மாட்டிய மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி அளந்தோம். மெயின் போர்டில் 193, ஹீட்டரில் 192, கரண்ட் 7.3 ஆம்பியர், ஆக 1400 வாட். 20 டிகிரியிலிருந்து 60-க்கு அரை மணி நேரம். நாலரை மணிக்கு, தோட்டத்து மோட்டார்கள் ஓடாதபோது, ஹீட்டர் போடாமல் 222 வோல்ட் இருந்தது. அப்போது போட்டால் 23 நிமிடம். அப்பா எப்படியும் நாலரைக்கு எழுந்துவிடுவார். எழுந்ததும் சுவிட்சைப் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறார், திரும்பி வந்ததும் அணைத்துவிட்டுக் குளிக்கப் போகிறார். இன்ஸ்டன்ட் ஹீட்டரைத் தம்பி சென்னைக்கே எடுத்துப் போய் இரண்டாவது குளியலறையில் மாட்டினான். அங்கே அது 13 ஆம்பியர் இழுக்கிறது, தண்ணீர் சுடுகிறது.